உயிர் ஆபத்தைப் பணத்தில் அளப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மனிதருடைய உயிருக்கு இவ்வளவுதான் விலை என்று பொருளாதார நிபுணர்கள் சொல்கிறார்களா?

இல்லை. உங்களையோ என்னையோ சுட்டிக்காட்டி, "இவர் இவ்வளவு பெறுவார்" என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. இறக்கும் வாய்ப்பு துளியளவு குறைவதற்கு மக்கள் எவ்வளவு பணத்தை விட்டுக்கொடுப்பார்கள் என்பதைத்தான் அளக்கிறார்கள்.

ஒரு லட்சம் பேர் வாழும் ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். குடிநீரில் ஒரு நச்சுப்பொருள் கலந்திருக்கிறது. அதனால் ஆண்டுக்குச் சராசரியாக ஒருவர் இறப்பார். யார் என்று முன்கூட்டியே தெரியாது, எனவே ஒவ்வொருவருக்கும் ஆபத்து லட்சத்தில் ஒன்று. அந்த நச்சை நீக்க ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 100 டாலர் வரை தருவார்கள் என்றால், மொத்தம் 1 கோடி டாலர் சேரும். ஓர் இறப்பைத் தவிர்க்க அந்த ஊரே சேர்ந்து தரத் தயாராக இருக்கும் இந்தத் தொகையைத்தான் 'புள்ளியியல் உயிரின் மதிப்பு' என்கிறார்கள். கணக்கு தொடங்குவது லட்சத்தில் ஒரு பங்கு ஆபத்திலிருந்து, ஒரு முழு மனிதரிலிருந்து அல்ல. இதை மறந்துவிட்டால் கீழே வரும் எதுவும் சரியாகப் புரியாது.

உயிர் விலைமதிப்பற்றது என்று சொல்லி விட்டுவிடலாமே? எதற்கு இந்தக் கணக்கு?

மனம் அப்படித்தான் சொல்லும். ஆனால் கணக்கில் எழுதாமல் விட்ட உயிர், முடிவெடுக்கும் மேசையில் எல்லையற்ற மதிப்போடு உட்காருவதில்லை. பெரும்பாலும் அதன் மதிப்பு பூஜ்யமாகிவிடுகிறது.

இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. சோவியத் யூனியன் மீது குண்டுவீச்சுத் தாக்குதல் நடத்த நேர்ந்தால் எந்த விமானங்களை அனுப்புவது சிக்கனம் என்று அமெரிக்க விமானப்படை ராண்ட் ஆய்வு நிறுவனத்திடம் கேட்டது. 1950-ல் வந்த பதில், மலிவான டர்போபிராப் (சுழலும் விசிறியால் இயங்கும்) விமானங்களை ஏராளமாக அனுப்பலாம் என்பது. விமானங்களின் விலை, எரிபொருள், குண்டுகள் எல்லாம் கணக்கில் இருந்தன. விமானிகளின் உயிர் இல்லை. பல விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டாலும் கணக்கில் அது மலிவாகவே தெரிந்தது. விமானம் ஓட்டிய அனுபவமுள்ள தளபதிகள் கொதித்துப்போனதில் வியப்பில்லை. உயிருக்கு விலை வைக்க நிபுணர்கள் கூசியதன் விளைவு இது.

இன்னொரு கதை இதைவிடத் தெளிவானது. தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் கையாளும் ரசாயனங்களின் மீது அவற்றின் ஆபத்தை எழுதி ஒட்ட வேண்டும் என்று ஒரு விதியை அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு 1980களின் தொடக்கத்தில் கொண்டுவரப் பார்த்தது. பெரிய விதிகளுக்கெல்லாம் செலவு-பலன் கணக்கு காட்ட வேண்டும் என்று அதிபர் ரீகன் 1981-ல் ஆணையிட்டிருந்தார். தொழிலாளர் இறந்தால் ஏற்படும் இழப்பை, மருத்துவச் செலவும் இழந்த சம்பளமும் என்ற அளவில் மட்டும் அந்த அமைப்பு போட்டிருந்தது. உயிருக்கு விலை வைப்பதாகத் தெரியக்கூடாது என்பதால் அதை 'இறப்பின் செலவு' என்றுதான் எழுதினார்கள். செலவைவிடப் பலன் குறைவு என்று, விதிகளைச் சரிபார்க்கும் வெள்ளை மாளிகையின் நிதிநிலை அலுவலகம் விதியைத் திருப்பி அனுப்பிவிட்டது. அப்போது கிப் விஸ்குசி என்ற பொருளாதார நிபுணரிடம் கணக்கு போனது. ஆபத்தைக் குறைக்கத் தொழிலாளர்களே எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்கள் என்ற அளவுகோலை அவர் வைத்தார். பலன் ஏறக்குறையப் பத்து மடங்கு கூடியது, விதியும் நிறைவேறியது. உயிருக்குப் பெரிய எண் எழுதியதால்தான் அந்த லேபிள்கள் ஒட்டப்பட்டன. இந்தத் துறையை மனிதநேயமற்றது என்று ஒதுக்குபவர்களிடம் நான் முதலில் சொல்ல விரும்புவது இந்தக் கதையைத்தான்.

இதற்கு முன்பு எப்படிக் கணக்கிட்டார்கள்?

ஒருவர் உயிரோடு இருந்தால் இனி எவ்வளவு சம்பாதிப்பார் என்று கூட்டிப் பார்த்தார்கள். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வில்லியம் பெட்டி மக்களுக்குத் தலைக்கு இத்தனை பவுண்டு என்று போட்ட காலத்திலிருந்து இந்த வழி உண்டு.

இதன் குறை உடனே தெரியும். ஓய்வு பெற்றவர், வீட்டில் குழந்தை வளர்ப்பவர், வேலை செய்ய முடியாத உடல்நிலை உள்ளவர் எல்லோரும் இந்தக் கணக்கில் ஒன்றுமில்லாமல் போவார்கள். யாரும் தன் சம்பளத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காக உயிர் வாழ்வதில்லை.

திருப்பம் 1968-ல் வந்தது. தாமஸ் ஷெல்லிங் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ஒரு கட்டுரையில் கேள்வியையே மாற்றிப்போட்டார். ஆபத்தைச் சுமப்பவர் யாரோ அவரிடம் கேளுங்கள், அது குறைவது அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று அவரே சொல்லட்டும் என்றார். சாலை விபத்துகளை வைத்து 1962-லேயே பெல்ஜியத்தின் ஜாக் ட்ரேஸ் இதே வழியில் யோசித்திருந்தார். ஆனால் உலகம் கவனித்தது ஷெல்லிங்கைத்தான். பிரிட்டனின் போக்குவரத்துத் துறை 1980களின் இறுதியில் வருமானக் கணக்கைக் கைவிட்டு இதற்கு மாறியது.

மக்கள் எவ்வளவு தருவார்கள் என்பது எப்படித் தெரியும்?

அதிகம் பயன்படுவது சம்பளத் தரவு. கடினமான, ஆபத்தான வேலைக்குக் கூலி அதிகம் கேட்பார்கள் என்று ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதினார். அதை எண்களாக்கியவர்களில் ரிச்சர்ட் தேலரும் ஷெர்வின் ரோசனும் முன்னோடிகள். அவர்களுடைய ஆய்வு 1976-ல் வெளிவந்தது. படிப்பு, அனுபவம், வயது, ஊர் எல்லாம் ஒத்திருக்கும் இரண்டு தொழிலாளர்கள். ஒருவருடைய வேலையில் ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவு கூடுதல் இறப்பு ஆபத்து, அதற்காக ஆண்டுக்கு 1,000 டாலர் கூடுதல் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தைப் பத்தாயிரத்தால் பெருக்கினால் 1 கோடி. நடைமுறையில் லட்சக்கணக்கான தொழிலாளர்களின் தரவை வைத்துப் புள்ளியியல் முறையில் இதைப் பிரித்தெடுக்கிறார்கள்.

இந்த முறையின் அடித்தளத்தில் ஒரு பெரிய அனுமானம் இருக்கிறது: தொழிலாளிக்கு ஆபத்து தெரியும், பிடிக்கவில்லை என்றால் வேறு வேலைக்குப் போக முடியும். உண்மையில் பலருக்கு இரண்டுமே இல்லை. ஆபத்து மறைக்கப்படுகிறது, அல்லது வேறு வேலை கிடைப்பதில்லை. பேரம் பேச முடியாதவர் குறைந்த கூலிக்கே ஆபத்தை ஏற்றுக்கொள்கிறார். அந்தக் கூலியை எடுத்து, "பாருங்கள், இவருக்கு உயிர்மீது இவ்வளவுதான் அக்கறை" என்று படித்தால் அது அவருடைய கதியின் அளவீடு, விருப்பத்தின் அளவீடு அல்ல. இந்த முறையின் மேல் உள்ள விமர்சனங்களில் இதைத்தான் மிகக் கனமானதாக நான் கருதுகிறேன். நல்ல ஆய்வாளர்கள் இதை மறைப்பதில்லை. தொழிற்சங்கம் உள்ள இடம், இல்லாத இடம், புலம்பெயர்ந்தோர், உள்ளூரார் என்று பிரித்துப் பார்க்கிறார்கள், எண்கள் மாறுவதையும் காட்டுகிறார்கள்.

இரண்டாவது வழி, மக்கள் நேரத்தையும் பணத்தையும் பாதுகாப்புக்காக எப்படிச் செலவிடுகிறார்கள் என்று பார்ப்பது. 1987-ல் அமெரிக்காவில் கிராமப்புற நெடுஞ்சாலைகளின் வேக வரம்பை மணிக்கு 55 மைலிலிருந்து 65 ஆக்கிக்கொள்ள மாநிலங்களுக்கு அனுமதி கிடைத்தது. பல மாநிலங்கள் ஏற்றின. ஆர்லி ஆஷென்ஃபெல்டர், மைக்கேல் கிரீன்ஸ்டோன் இருவரும் இதை ஆராய்ந்து 2004-ல் வெளியிட்டார்கள். வேகம் ஏறியதால் மிச்சமான நேரத்தையும் கூடிய இறப்புகளையும் ஒப்பிட்டால், ஓர் உயிருக்கு ஏறக்குறைய 1,25,000 மணி நேரம். அந்த நேரத்தைச் சராசரிக் கூலியால் பெருக்கினால் 15 லட்சம் டாலருக்குச் சற்று மேல். அந்த மாநிலங்கள் வாயால் சொல்லாமல் வைத்த விலை அது.

மூன்றாவது, நேரடியாகக் கேட்பது. இதில் ஒரு தீராத சிக்கல்: லட்சத்தில் ஒன்றும் லட்சத்தில் இரண்டும் நம் மனதில் ஒரே மாதிரி விழுகின்றன. ஆபத்து இரண்டு மடங்கு குறைகிறது என்றால் தரத் தயாராக இருக்கும் பணமும் ஏறக்குறைய இரண்டு மடங்காக வேண்டும். பெரும்பாலும் ஆவதில்லை. ஆபத்து எவ்வளவு சிறியது என்று கண்ணுக்குத் தெரியும்படி ஆயிரக்கணக்கான புள்ளிகள் அச்சிட்ட தாளைக் காட்டிக் கேட்டால் பதில் கொஞ்சம் தேறுகிறது.

அப்படியானால் 1 கோடி டாலர் கொடுத்தால் ஒருவர் சாகச் சம்மதிப்பாரா?

மாட்டார். 100 டாலருக்கு லட்சத்தில் ஒரு பங்கு ஆபத்தை ஏற்பவர், ஆபத்து பத்தில் ஒன்று ஆகும்போது பலமடங்கு அதிகம் கேட்பார். நிச்சய மரணத்துக்கு எந்தத் தொகையும் போதாது. சின்ன ஆபத்துகளில் எடுத்த எண் சின்ன ஆபத்துகளுக்கு மட்டுமே செல்லும்.

இப்போது என்ன எண்களைப் பயன்படுத்துகிறார்கள்?

அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024-ஆம் ஆண்டுக்கு வைத்தது 1.37 கோடி டாலர். அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2006-ஆம் ஆண்டு விலையில் 74 லட்சம் டாலரை அடிப்படையாகக் கொண்டு, பணவீக்கத்துக்கும் வருமான உயர்வுக்கும் ஏற்ப ஏற்றி வந்தது. வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி 2012-ல் தன் உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரைத்தது 2005 விலையில் 15 லட்சம் முதல் 45 லட்சம் டாலர் வரை. வீச்சு பெரிது என்பது உண்மைதான். சம்பளத் தரவை நம்பும் நாடுகளில் எண் உயரமாகவும், நேரடியாகக் கேட்கும் முறையை நம்பும் நாடுகளில் குறைவாகவும் வருவது இதற்கு ஒரு காரணம்.

பணக்காரர் அதிகம் தருவார், ஏழை குறைவாகத் தருவார். அப்படியென்றால் பணக்காரர் உயிருக்குத்தான் மதிப்பா?

தரத் தயாராக இருப்பதை மட்டும் பார்த்தால் அந்த அபத்தமான இடத்துக்குத்தான் போய்ச் சேருவோம். அதனால்தான் ஒரு நாட்டுக்குள் எல்லோருக்கும் ஒரே எண்ணைப் பயன்படுத்துவது வழக்கம். ஏழைகள் வாழும் பகுதியில் சாலைக்கு ஒரு மதிப்பு, பணக்காரர் பகுதியில் இன்னொன்று என்று அரசுத் துறைகள் வைப்பதில்லை.

நாடுகளுக்கு இடையே இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துபோகிறது. பருவநிலை மாற்றம் குறித்த ஐபிசிசி அமைப்பின் 1995 அறிக்கையில், பணக்கார நாட்டில் ஓர் இறப்பின் மதிப்பு ஏழை நாட்டு இறப்பைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் என்று வந்தது. பெரும் எதிர்ப்பு எழுந்தது.

என் பார்வையில் இதற்கு ஒரே பதில் கிடையாது, சூழலைப் பொறுத்தது. ஒரு ஏழை நாடு தன் சொந்தப் பணத்தை எங்கே செலவிடுவது என்று யோசிக்கும்போது, தன் மக்களின் வருமானத்துக்குப் பொருந்தும் எண்ணை வைப்பது நியாயம். இல்லாவிட்டால் பள்ளிக்கும் உணவுக்கும் போக வேண்டிய பணம் மிகச் சிறிய ஒரு சாலை ஆபத்தை நீக்கப் போய்விடும். ஆனால் ஒருவர் உண்டாக்கும் ஆபத்து இன்னொருவர் தலையில் விழும்போது கதை வேறு. கரியைப் புகைத்து வளர்ந்த நாடு, வெள்ளத்தில் சாகும் நாட்டைப் பார்த்து "உங்கள் உயிர் மலிவு" என்று கணக்கில் எழுதுவது நிபுணத்துவம் ஆகாது, அது அநியாயம். பாதிக்கப்படுபவரால் எவ்வளவு கட்ட முடியும் என்பது அங்கே பொருத்தமான கேள்வியே இல்லை.

வயதானவர்களுக்கு மதிப்பு குறைவா?

2003-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை காற்று மாசு பற்றிய ஒரு கணக்கில் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு 37 சதவீதம் குறைத்துப் பார்த்தது: மற்றவர்களுக்கு 37 லட்சம் டாலர், அவர்களுக்கு 23 லட்சம். முதியோர் அமைப்புகள் கொந்தளித்தன, முகமை அதைக் கைவிட்டது.

தர்க்கமாகப் பார்த்தால் எஞ்சியிருக்கும் ஆண்டுகள் குறைவு, அதனால் மதிப்பும் குறைய வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஆண்டுகள் குறையும்போது ஒவ்வோர் ஆண்டும் அருமையாகிறது, சேமித்த பணத்தை வேறு எதற்கும் வைத்திருக்கத் தேவையில்லை என்ற நிலையும் வருகிறது. ஆய்வுகளில் வயதோடு மதிப்பு சீராகக் குறைவதில்லை. குழந்தைகளைப் பொறுத்தவரை பெற்றோர் தங்கள் ஆபத்தைக் குறைக்கத் தருவதைவிடப் பிள்ளைகளின் ஆபத்தைக் குறைக்க அதிகம் தருகிறார்கள்.

மருத்துவத்திலும் இதே எண்ணா?

அங்கே வேறு அளவுகோல். முழு ஆரோக்கியத்தோடு வாழும் ஓர் ஆண்டுக்கு 1, மரணத்துக்கு 0, நோயோடு வாழும் ஆண்டுக்கு இடையில் ஏதோ ஒன்று. எந்தச் சிகிச்சைக்கு அரசு மருத்துவச் சேவை பணம் தரலாம் என்று பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 1999-ல் தொடங்கியது. இப்படிப்பட்ட ஓர் ஆண்டுக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை ஆகும் சிகிச்சைகளைப் பொதுவாக ஏற்றுக்கொள்வது நீண்ட காலம் அதன் வழக்கமாக இருந்தது. உடற்குறையோடு வாழ்பவரின் ஓர் ஆண்டு இதில் ஒன்றைவிடக் குறைவாகிவிடுகிறதே என்ற எதிர்ப்பு நியாயமானது. அமெரிக்காவில் 2010 சுகாதாரச் சட்டம் அரசு மருத்துவக் காப்பீட்டில் இந்த அளவுகோலை வரம்பாகப் பயன்படுத்துவதைத் தடை செய்தது.

நீதிமன்றம் தரும் நஷ்ட ஈடும் இதுவும் ஒன்றா?

இல்லை. நஷ்ட ஈடு, நடந்து முடிந்த இறப்புக்குப் பிறகு குடும்பத்துக்கு. இந்த மதிப்பு, நடக்காமல் தடுப்பதற்கு முன்பு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கான அரசு நிதியை நிர்வகித்த கென்னத் ஃபைன்பெர்க், சட்டப்படி இழந்த வருமானத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது. தொகைகள் 2.5 லட்சம் டாலரிலிருந்து 70 லட்சத்துக்கும் மேல் வரை போயின. எல்லோருக்கும் ஒரே தொகை கொடுத்திருக்க வேண்டும் என்று பிறகு அவரே சொன்னார்.

ஃபோர்டு பின்டோ கார் விவகாரம் இதுதானே?

பின்டோ 1970களில் வந்த சிறிய கார். பின்னாலிருந்து மோதினால் அது தீப்பிடிக்கும் என்று தெரிந்தும், திருத்தும் செலவைவிட உயிரிழப்பு மலிவு என்று கணக்குப் போட்டு ஃபோர்டு விட்டுவிட்டது என்பார்கள். பெயர் அடிபடுவது உண்மை, ஆனால் கதை பெரும்பாலும் திரிந்துதான் சொல்லப்படுகிறது. 1973-ல் ஃபோர்டு நிறுவனத்தின் உள்கணக்கு ஒன்று: ஒரு வண்டிக்கு 11 டாலர் வீதம் 1.25 கோடி வண்டிகளை மாற்ற 13.7 கோடி டாலர், தடுக்கப்படும் 180 இறப்புகள், 180 தீக்காயங்கள், எரியும் வண்டிகள் எல்லாம் சேர்த்துப் பலன் 4.95 கோடி டாலர், எனவே மாற்றத் தேவையில்லை. அந்தக் கணக்கு பின்டோவுக்கு மட்டுமானதல்ல. பின்னாலிருந்து மோதுவதைப் பற்றியதுமல்ல, வண்டி கவிழும்போது எரிபொருள் கசிவதைப் பற்றியது. வாகனப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு ஒழுங்குமுறை அமைப்பிடம் கொடுப்பதற்காக எழுதப்பட்டது. உயிருக்கு அதில் 2 லட்சம் டாலர், அதுவும் அரசு அமைப்பே 1972-ல் வெளியிட்ட எண், பெரும்பகுதி இழந்த வருமானம்.

அந்த எண் எங்கே தவறு என்று பாருங்கள். தன் வண்டி தீப்பிடிக்கும் ஆபத்தை நீக்க 11 டாலர் தருவீர்களா என்று வாங்குபவரைக் கேட்டிருந்தால் எத்தனை பேர் மறுத்திருப்பார்கள்? அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் ஷெல்லிங்கின் முறை. அங்கே அது கேட்கப்படவே இல்லை.

சீக்கிரம் இறப்பவர்களால் அரசுக்கு ஓய்வூதியம் மிச்சம் என்று ஒரு புகையிலை நிறுவனம் சொன்னதாமே?

ஆம். 2001-ல் பிலிப் மோரிஸ் நிறுவனத்துக்காக ஓர் ஆலோசனை நிறுவனம் செக் குடியரசு பற்றி அப்படி ஒரு அறிக்கை தயாரித்தது. எதிர்ப்பு எழுந்ததும் பிலிப் மோரிஸ் மன்னிப்புக் கேட்டது. அரசின் கஜானாவுக்கு வரும் போகும் பணத்தை மட்டும் கூட்டிவிட்டு, வாழ இருந்தவருக்கு வாழ்க்கை எவ்வளவு முக்கியம் என்பதை முழுவதும் விட்டுவிட்ட கணக்கு அது. இந்தப் பக்கத்தில் பேசும் முறையில் அந்த விடுதலுக்கு இடமே கிடையாது.

சுரங்கத்தில் சிக்கியவர்களை மீட்கும்போது யாரும் செலவு பார்ப்பதில்லையே?

பார்க்கவும் கூடாது. 2010-ல் சிலி நாட்டின் சான் ஹோசே சுரங்கம் இடிந்து 33 பேர் உள்ளே சிக்கினார்கள். 69 நாள் கழித்து எல்லோரும் உயிரோடு மேலே வந்தார்கள். முகம் தெரிந்த ஒருவர் உதவி கேட்டுக் காத்திருக்கும்போது கைவிடாத சமூகத்தில் வாழ்வதே ஒரு பெரிய பலன், அதை எந்தப் பொருளாதார நிபுணரும் மறுக்க மாட்டார்.

ஆனால் அதே சுரங்கத்தில் நடந்த இன்னொன்றையும் பாருங்கள். இடிந்த உடனே அவர்கள் காற்றோட்டக் குழாய் வழியாக ஏறித் தப்பிக்கப் பார்த்தார்கள். அங்கே இருந்திருக்க வேண்டிய ஏணி முழுதாக இல்லை. ஏணி போட வேண்டிய காலத்தில் சிக்கப்போவது யார் என்று யாருக்கும் தெரியாது, அதனால் கேட்கவும் ஆள் இல்லை. ஷெல்லிங் தன் கட்டுரையில் இதைத்தான் சொன்னார்: அறுவை சிகிச்சைக்குப் பணம் தேவைப்படும் ஒரு சிறுமிக்கு ஊரே அள்ளிக் கொடுக்கும், மருத்துவமனைகள் தேய்ந்து சில இறப்புகள் கூடும் என்றால் கண்ணீர் வராது. முகமற்ற அந்த ஆட்களுக்காக வாதாட வைத்திருக்கும் ஒரே கருவி இந்த எண்.

எல்லா ஆபத்துக்கும் ஒரே எண் சரியா?

முழுக்கச் சரியில்லை. மலையேறுபவர் தானே தேர்ந்தெடுத்த ஆபத்தும், ஆலைக்குப் பக்கத்தில் பிறந்தவர் மீது விழுந்த ஆபத்தும் ஒன்றாகாது. நீண்ட வலியோடு வரும் மரணத்தை மக்கள் அதிகம் அஞ்சுகிறார்கள், அதனால் புற்றுநோய்க்குக் கூடுதல் மதிப்பு தரலாமா என்ற விவாதம் இன்னும் ஓடுகிறது. ஆபத்தின் அளவை மட்டும் ஒப்பிட வேண்டுமானால் முடிவெடுத்தலை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ரொனால்ட் ஹோவர்ட் அறிமுகப்படுத்திய மைக்ரோமார்ட் உதவும்: பத்து லட்சத்தில் ஒன்று என்ற இறப்பு வாய்ப்பு ஒரு மைக்ரோமார்ட். மேலே சொன்ன 1.37 கோடியின்படி பார்த்தால் ஒரு மைக்ரோமார்ட்டைக் குறைப்பது 13 டாலர் 70 சென்ட்.

ஓர் அறிக்கையில் இந்த எண் வந்தால் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில், எந்த ஆண்டின் விலை என்று பாருங்கள். பழைய எண்ணை ஏற்றாமல் வைத்தே பலனைச் சுருக்கிக் காட்டிவிட முடியும். அப்புறம், ஆபத்தைச் சுமப்பவரும் பணம் மிச்சப்படுத்துபவரும் ஒரே ஆட்கள்தானா என்று கேளுங்கள். இல்லை என்றால், மொத்தப் பலன் மொத்தச் செலவைத் தாண்டுகிறது என்ற ஒரு வரி போதாது, யார் இழக்கிறார் என்று தனியாக எழுதியிருக்க வேண்டும். இறப்பைத் தவிர காயம், நோய், வேதனை கணக்கில் இருக்கின்றனவா என்பதும் முக்கியம். பல விதிகளின் பெரும்பலன் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

கடைசியாக ஒரு சோதனை, யார் வேண்டுமானாலும் செய்யலாம். மொத்தச் செலவிலிருந்து மற்றப் பலன்களைக் கழித்து, மீதியைத் தவிர்க்கப்படும் இறப்புகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஓர் உயிருக்கு 3 லட்சம் டாலர் என்று வந்தால், மதிப்பு 50 லட்சமா 1.3 கோடியா என்று சண்டை போடவே வேண்டாம், எந்த எண்ணிலும் திட்டம் தேறிவிடும். 50 கோடி என்று வந்தால் எந்த எண்ணிலும் தேறாது, அந்தப் பணத்தால் வேறு இடத்தில் பல உயிர்களைக் காக்கலாம். நடுவில் விழும் திட்டங்களுக்குத்தான் மேலே சொன்ன விவாதங்கள் எல்லாம் தேவை.